வானகரம் ரோட்டிலிருந்து வந்த ஜீப்

கள்ளிக்குப்பம், அம்பத்தூர்
2-11-1990

அன்புள்ள தம்பி பால்ராஜுக்கு,

அக்கா ஞானம் எழுதுகிறேன். நீ மாற்றலாகி ராமநாதபுரம் போய் இன்றோடு பதினோரு நாள். வந்து சேர்ந்தேன் என்று ஒரு கார்டு போடக்கூட உனக்குக் கை வரவில்லை. தண்ணியில்லாக் காடு என்பார்கள், அங்கே மையும் கிடைக்காதா?

மாமாவைப் போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். இடது காலில் தொடையிலிருந்து குதிகால் வரைக்கும் மாவுக்கட்டு. இப்போது என்னிடம் இரண்டு குழந்தைகள். இரண்டு மாதத்துப் பிள்ளைதான் சொன்ன பேச்சைக் கேட்கிறது. உன் மாமா கேட்பதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து எப்.ஐ.ஆர். நகல் கொடுத்தார்கள். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்டோபர் 14 ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தே முக்கால் மணிக்கு, கோவில்பதாகையில் அடிதடி என்று அவசர அழைப்பு வந்து போலீஸ் ஜீப் போய்க்கொண்டிருந்ததாம். ஐஸ் கம்பெனி சந்திப்பில் பிரகாசம் என்பவர், அதாவது உன் மாமா, குடிபோதையில் சிவப்பு விளக்கை மீறிக் குறுக்கே வந்து விழுந்தாராம். ஓட்டுநர் கஜபதி. குடிபோதை! சோடா குடித்தாலே ஏப்பம் விட்டுத் தவிக்கிற மனுஷன்.

ஜனவரி 22-ல் கோர்ட்டுக்கு வரச் சொல்லி சம்மன் வந்திருக்கிறது. தப்பை ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு போய்விடும் என்கிறார்கள். ஆனால் கம்பெனியில் பர்சனல் ஆபீசர் தெளிவாகச் சொல்லிவிட்டார். குடித்துவிட்டு சிக்னலைத் தாண்டினவன் என்று கோர்ட்டே சொன்னால் மறுபடி மிஷின் பக்கம் விடமாட்டார்களாம். பன்னிரண்டு வருஷ வேலை, தம்பி.

நீ அதே ஸ்டேஷனில் ஜீப் ஓட்டினவன். அதனால் கேட்கிறேன். போலீஸ் வண்டிக்கு என்று தனிச் சட்டம் இருக்கிறதா? நமக்குச் சிவப்பு என்றால் அவர்களுக்குப் பச்சையா? அந்தக் கஜபதி எப்படிப்பட்ட ஆள்? மறைக்காமல் எழுது.

குழந்தையின் ஞானஸ்நானத்தைத் தள்ளிவைத்திருக்கிறோம். ஞானத்தகப்பனாக நிற்கவேண்டிய நீயே ஊரில் இல்லையே.

உன் அக்கா,
ஞானகுமாரி


ராமநாதபுரம்
11-11-1990

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே பந்தோபஸ்து வேலை அதிகம், அதனால்தான் எழுத முடியவில்லை. மாமாவின் கால் சீக்கிரம் குணமாகக் காலையும் மாலையும் ஜெபிக்கிறேன்.

நீ கேட்டதற்குச் சொல்கிறேன். ட்ரெயினிங்கில் எங்களுக்குச் சொன்ன பாடம் இதுதான். போலீஸ் வண்டியும் ரோட்டில் போகிற வண்டிதான். சிக்னல் அதற்கும் உண்டு. உண்மையான அவசரம் இருந்தால், சைரன் போட்டு, மேலே விளக்கைச் சுழலவிட்டு, மற்றவர்கள் ஒதுங்கியதைப் பார்த்துவிட்டு மெதுவாகத் தாண்டலாம். இது பாடம். ரோட்டில் நடப்பது வேறு அக்கா. காக்கி வண்டி சிவப்பில் நின்றால் பின்னால் வருகிற லாரிக்காரனே சிரிப்பான்.

கஜபதி அண்ணன் நல்ல மனிதர். ஓய்வு பெறப் பதினாலு மாதம்தான் பாக்கி. மூன்று பெண் பிள்ளைகள், ஒருத்திக்குத்தான் கல்யாணம் ஆகியிருக்கிறது. அவர் வயிற்றில் அடிக்காதே. அந்த மழையில் யாராக இருந்தாலும் தடுமாறியிருப்பார்கள். சிவப்பு விழுந்து இரண்டு விநாடிகூட ஆகியிருக்காது. கெட்ட நேரம், நடந்துவிட்டது.

நம் ஸ்டேஷனிலிருந்து பந்தோபஸ்துக்கு இங்கே வந்திருக்கிற அய்யாசாமி என்கிற கான்ஸ்டபிள் லீவில் ஊருக்கு வருகிறார். அவரிடம் பனங்கற்கண்டு கொடுத்து அனுப்பியிருக்கிறேன். மாமாவுக்குப் பாலில் போட்டுக் கொடு.

கோர்ட்டில் ஒப்புக்கொண்டு முடித்துவிடுவதே நல்லது என்று என் சிறிய புத்திக்குப் படுகிறது.

அன்புத் தம்பி,
பால்ராஜ்


கள்ளிக்குப்பம்
20-11-1990

தம்பி பால்ராஜுக்கு,

பனங்கற்கண்டு வந்தது. அய்யாசாமி நம் வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, பொட்டலத்தை நீட்டிவிட்டு ஓடிவிட்டார். உங்கள் ஸ்டேஷன்காரர்களுக்கு எல்லாம் என் வாசல் ஏன் இப்படிச் சுடுகிறது?

உன் கடிதத்தை நான்கு தரம் படித்தேன். அடிபட்டது உன் மாமா. நீ அழுவதோ கஜபதியின் மூன்று பெண்களுக்காக. எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள், ஞாபகம் இருக்கட்டும்.

இன்னொன்று. "சிவப்பு விழுந்து இரண்டு விநாடிகூட ஆகியிருக்காது" என்று எழுதியிருக்கிறாய். எப்.ஐ.ஆரில் மாமாவுக்குத்தான் சிவப்பு, ஜீப்புக்குப் பச்சை. ஜீப்புக்குச் சிவப்பு விழுந்தது என்று உனக்கு யார் சொன்னது? அதிலும் இரண்டு விநாடி என்று கணக்கு வேறு!

நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஐஸ் கம்பெனி சந்திப்புக்கே போனேன். அங்கே வடிவு என்று ஒரு அம்மாள் இட்லிக் கடை போட்டிருக்கிறாள். விடிவதற்கு முன்பே அடுப்பு பற்றவைத்துவிடுவாளாம். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், போலீஸ்காரன் நீயே விசாரித்துக்கொள்.

"உன் ஊட்டுக்காரு தலைல கோணி போட்டுகினு, சைக்கிள தள்ளிகினு என் அடுப்பாண்டதான் நின்னுகினு இருந்தாரு கண்ணு. பச்ச வுழுந்தப்புறம்தான் எறங்குனாரு. ஜீப்பு வானகரம் ரோட்லருந்து சர்ருனு வந்திச்சு. சைரனும் இல்ல, மேல லைட்டும் சுத்தல. இட்ச்சிட்டு நிக்காம பூட்ச்சு. பின்னாடி இருந்த பக்கெட்டு எகிறி வுழுந்திச்சு பாரு, உள்ளருந்து மூணு வரால்! நடு ரோட்ல துள்ளிகினு கீது. ரெண்டு கால்வாய்ல பூட்ச்சு. ஒண்ண நான்தான் எடுத்தாந்து கொழம்பு வச்சேன். எங்க அம்மன் மேல ஆணையா பொய் சொல்ல மாட்டேன்."

ஸ்டேஷனிலிருந்து கோவில்பதாகைக்குப் போகிற வண்டி வானகரம் ரோட்டிலிருந்து ஏன் வரவேண்டும்? அடிதடியை விலக்கப் போகிறவர்கள் உயிர் மீனோடு போவார்களா? அந்த வரால் செம்பரம்பாக்கம் ஏரி மீன் என்று வடிவு அடித்துச் சொல்கிறாள்.

எனக்கு இன்னொரு முடிச்சும் அவிழவில்லை. பால் வாங்கப் போகிறேன் என்று சொல்லித்தான் அன்று மாமா கிளம்பினார். பால் பூத் நம் தெரு முனையில் இருக்கிறது. ஐஸ் கம்பெனி சந்திப்பில் அவருக்கு என்ன வேலை? கேட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

ஞானகுமாரி


ராமநாதபுரம்
29-11-1990

அக்காவுக்கு,

கைக்குழந்தையோடு சந்திப்பில் போய் நின்று விசாரணை செய்யச் சொல்லி உனக்கு யார் சொன்னது? அது உன் வேலையா? இன்ஸ்பெக்டர் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? வடிவு சாலையோரத்தில் கடை போட்டிருக்கிறவள். நாளைக்கே அடுப்பைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். அந்தப் பாவம் உனக்குத்தான்.

இரண்டு விநாடி என்பது அங்கிருந்து வந்த ஒரு போலீஸ்காரர் பேச்சுவாக்கில் சொன்னது. பெயர் நினைவில்லை. வார்த்தையைப் பிடித்துத் தொங்குகிறாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தக் குணம் உண்டு.

மீன் விஷயம் எனக்கு எப்படித் தெரியும்? பெரிய அதிகாரி வீட்டுக்குப் போயிருக்கும். ஸ்டேஷன் ஜீப்பில் என்னதான் போகவில்லை? ரேஷன் மண்ணெண்ணெய் போகிறது, அதிகாரி வீட்டம்மாவின் தையல் மிஷின் போகிறது, பிள்ளைகள் டியூஷனுக்குப் போகிறார்கள். எல்லாவற்றுக்கும் லாக் புத்தகத்தில் ரோந்து என்று எழுதிவிடுவோம். வண்டி ஓட்டுகிறவன் என்ன செய்வான்? ஏறச் சொன்னால் ஏறுவான், போகச் சொன்னால் போவான்.

நீ நினைக்கிற மாதிரி இது கஜபதி ஒருத்தரோடு போகாது. கெஞ்சிக் கேட்கிறேன், விட்டுவிடு. மாமாவே விடச் சொல்வார். அவரைக் கேட்டுப் பார்.

பால்ராஜ்


கள்ளிக்குப்பம்
10-12-1990

பால்ராஜுக்கு,

மாமாவே விடச் சொல்வார் என்று எழுதினாய். அப்படியேதான் சொன்னார். "எனக்குப் பச்சதான் ஞானம். ஆனா உடு. ஒத்துக்கினு வந்துர்றேன்." ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற உனக்கு, என் புருஷன் என்ன சொல்வார் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. நீங்கள் இருவரும் எப்போது பேசிக்கொண்டீர்கள்?

ஆஸ்பத்திரிக்கு நீ ஒரே ஒரு தரம்தான் வந்தாய். நான் பிள்ளைக்குப் பால் கொடுக்க வராந்தாவுக்குப் போய்த் திரும்பிய நேரத்தில் நீ போய்விட்டாய். மாமாவின் தலையணை நனைந்திருந்தது. வலி என்றார், நானும் நம்பினேன். இப்போது எதையும் நம்ப முடியவில்லை. போலீஸ்காரர்களிடம் கை நீட்டி வாங்கிவிட்டாரோ என்று கட்டின புருஷனையே சந்தேகப்பட்டு, அவர் தூங்கும்போது பெட்டியைக் குடைந்தேன். என்னை இந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள். பெட்டியில் எதுவும் இல்லை.

சனிக்கிழமை கஜபதி வீட்டுக்கு வந்தார். நெற்றி நிறைய விபூதி, கையில் திருத்தணிப் பிரசாதம். கட்டுப்போட்ட காலைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமா அவரைப் பார்த்து 'வேண்டாம்' என்று கண்ணால் ஜாடை காட்டியதை நான் பார்த்துவிட்டேன். வாசலுக்கு வழியனுப்ப வந்தவளிடம் அவர் மெதுவாகச் சொன்னார்: "அம்மா, அன்னிக்கு அந்த வண்டிய நான் தொடவே இல்ல. சாவிய குடுத்ததுதான் நான் பண்ண தப்பு. இதுக்கு மேல என்ன கேக்காத தாயே."

மறுநாளே வடிவிடம் ஓடினேன். ஓட்டினவன் முகம் தெரிந்ததா என்று கேட்டேன்.

"மூஞ்சி தெர்ல கண்ணு, மழ. முன்னாடி கண்ணாடில நீலமா மணி ஒண்ணு ஆடிகினு இருந்திச்சு. உங்க கோயில்ல உருட்டுவாங்களே, அந்த மாதிரி. தொங்குன சிலுவ கண்ணாடில டக்கு டக்குனு இட்ச்சிச்சு."

விபூதி பூசுகிற கஜபதி ஜெபமாலை மாட்டமாட்டார். உனக்குப் போலீஸ் வேலை கிடைத்தபோது வேளாங்கண்ணியில் மந்திரித்து வாங்கிவந்து நான் கொடுத்தேனே, நீல மணி ஜெபமாலை. அரசாங்க வண்டியில் நிரந்தரமாக மாட்டக்கூடாது என்று, நீ ஓட்டும்போது மட்டும் மாட்டி இறங்கும்போது கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வாயே, அது எங்கே? பதிவுத் தபாலில் எனக்கு அனுப்பு.

ஞானகுமாரி


ராமநாதபுரம்
15-12-1990

அக்காவுக்கு,

ஜெபமாலை இங்கே வரும்போது ரயிலில் தொலைந்துவிட்டது.

உலகத்தில் நீல மணி ஜெபமாலை ஒன்றுதானா இருக்கிறது?

பால்ராஜ்


கள்ளிக்குப்பம்
18-12-1990

அக்டோபர் 14 காலை ஐந்தே முக்காலுக்கு நீ எங்கே இருந்தாய்? வேறு எதையும் எழுதவேண்டாம்.

ஞானகுமாரி


ராமநாதபுரம்
24-12-1990

அக்கா,

இங்கே கோயிலில் குடில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இன்று காலை பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். எல்லாவற்றையும் கேட்ட சாமியார், "என்னிடம் சொல்லி என்ன, சொல்லவேண்டிய இடத்தில் சொன்னாயா?" என்று கேட்டார். திரும்பி வந்து இதை எழுதுகிறேன். கடிதத்தோடு ஜெபமாலையும் இருக்கிறது. ரயிலில் தொலைந்தது என்றது பொய்.

அந்த ஜீப்பை ஓட்டியது நான்தான்.

மாமாதான் என்னிடம் கேட்டார். "மச்சான், உங்க அக்காளுக்கு ஒடம்பு தேறவே இல்ல. வரால் குடுத்தா தேறும்ங்கறாங்க. மார்க்கெட்ல செத்த மீன்தான் கெடைக்குது. உயிர் மீனா எங்கனா கெடைக்குமா? அவளுக்குச் சொல்லாத, சட்டில கொதிக்கும்போது பாக்கட்டும்" என்றார். செம்பரம்பாக்கம் ஏரியில் விடியற்காலையில் வலை இழுப்பார்கள், போய் வாங்கிவருகிறேன் என்றேன். அன்று டூட்டி கஜபதி அண்ணனுடையது. ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று சாவி வாங்கினேன். ஐந்தரைக்கு ஐஸ் கம்பெனி சந்திப்பைத் தாண்டினதும் எதிர்முனையில் மாமா நிற்பதாகவும், நான் மீனைக் கொடுத்துவிட்டு வண்டியை ஸ்டேஷனில் விடுவதாகவும் ஏற்பாடு. பால் வாங்க என்று உன்னிடம் சொன்னது அதற்குத்தான்.

வலை இழுக்க நேரமாகிவிட்டது. ஆறு மணிக்கு இன்ஸ்பெக்டர் ரவுண்டுக்குக் கிளம்புவார், அதற்குள் வண்டி நிற்கவேண்டும். பூந்தமல்லியிலிருந்தே மிதித்துக்கொண்டு வந்தேன். சந்திப்பில் சிவப்பு விழுந்ததைப் பார்த்தேன் அக்கா. பார்க்கவில்லை என்று உன்னிடம் சொல்லமாட்டேன். ஆறு வருஷம் அந்த வண்டி ஓட்டினவனுக்குச் சிவப்பு என்பது வெறும் நிறம். கால் தானாக பிரேக்குக்குப் போகாது. எதிரில் வருகிறவன் நிற்பான் என்று நம் கால் எப்போதோ தீர்மானம் செய்து வைத்திருக்கும். கோணி போட்ட ஒரு உருவம் குறுக்கே வந்தது. ஒடித்தேன், போதவில்லை.

நிறுத்தவில்லை. சொல்லாமல் எடுத்த வண்டி, பின்னால் மீன், வேலை போய்விடும் என்ற பயம். மாமா எங்கோ ஓரமாக நின்று பார்த்திருப்பாரே என்ற வெட்கம் வேறு. ஸ்டேஷனில் வண்டியை விட்டுவிட்டுக் குவார்ட்டர்ஸில் போய்ப் படுத்துக்கொண்டேன். மத்தியானம் ஸ்டேஷனுக்குப் போனபோது, கேஸ் எழுதுகிற ரைட்டர் அடிபட்டவர் பெயரைச் சத்தமாகப் படித்தார். பிரகாசம், கள்ளிக்குப்பம். அப்போதுதான் அந்தக் கோணிக்குள் இருந்தது யார் என்று எனக்குத் தெரிந்தது.

இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அறைந்தார். வண்டி எங்கே போனது என்று மேலே கேட்டால் தன் தலைக்கு வந்துவிடும் என்று லாக் புத்தகத்தை வாங்கி, கோவில்பதாகை அவசர அழைப்பு என்று எழுதச் சொன்னார். டூட்டி கஜபதி என்று ஏற்கெனவே எழுதியிருந்ததால் அது அப்படியே நின்றுவிட்டது. ஜீப் மேல் தப்பில்லை என்றால் வேறு ஒருவர் மேல் தப்பு இருக்கவேண்டுமே. அதற்குத்தான் குடிபோதை.

ஆஸ்பத்திரியில் மாமாவின் கையைப் பிடித்து அழுதேன். மீனைப் பார்த்ததுமே நீதான் என்று தெரிந்துவிட்டது என்றார். "நீ பாக்கல, நானும் பாக்கல. உங்க அக்காளுக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டா. போ மச்சான்" என்றார். நானே கேட்டு இந்த ஊருக்கு ஓடிவந்தேன்.

அந்த உருவம் மாமா என்று தெரிந்திருந்தால் சத்தியமாக நிறுத்தியிருப்பேன் அக்கா. இதையாவது நம்பு. உண்மையைச் சொன்னால் என் வேலை போகும், கஜபதி அண்ணன் பென்ஷன் போகலாம். சொல்லாவிட்டால் மாமா வேலை போகும். என்ன செய்யட்டும்? நீ சொல்வதைச் செய்கிறேன்.

பால்ராஜ்


கள்ளிக்குப்பம்
3-1-1991

பால்ராஜ்,

உன் கடிதத்தைப் படித்த அன்று அடுப்பு பற்றவைக்கவில்லை. ஜஹானாரா அக்கா எதிர்வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். மாமாவோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "எனக்கு மீன் வேண்டுமென்று எப்போதாவது கேட்டேனா?" என்று கத்தினேன். "நீ எதத்தான் வாய்விட்டுக் கேட்ட? நானா பாத்துதான வாங்கிக் குடுக்கணும்" என்றார். அதற்கு மேல் அந்த மனுஷனோடு சண்டை போடமுடியவில்லை.

நீ பொய் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஓடிப்போனதையும் பயம் என்று எடுத்துக்கொள்வேன். ஒரே ஒரு வரிதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருக்கிறது. மாமா என்று தெரிந்திருந்தால் நிறுத்தியிருப்பேன் என்று எழுதியிருக்கிறாயே. அப்படியானால், நீ நிறுத்தாமல் போனபோது அந்தக் கோணிக்குள் இருந்தது வேறு ஒருத்தியின் புருஷன். அவளுக்கும் ஒரு கைக்குழந்தை இருந்திருக்கலாம். அவளுக்கு ஸ்டேஷனில் தம்பி இல்லை, கடிதம் எழுதிக் குடைந்து கேட்க யாரும் இல்லை. அந்தப் புருஷன் குடிகாரனாகவே வேலையை இழந்திருப்பான். நீ அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு வரால் கொண்டுவந்திருப்பாய். நானும் ருசித்துச் சாப்பிட்டிருப்பேன்.

உன்னை மட்டும் சொல்லி என்ன? செப்டம்பரில் பிள்ளை பெற்று என்னை வீட்டுக்கு அழைத்து வந்தாயே, அதே ஜீப்பில். வலியும் இல்லை, அவசரமும் இல்லை. இரண்டு சிவப்பைத் தாண்டினாய். பின்னால் உட்கார்ந்து நான் சிரித்தேன். தெருவில் இறங்கியதும் ஜஹானாரா அக்காவிடம், "எங்க தம்பி வண்டிக்கு சிக்னலே கெடையாது, பறந்துகினு வந்தோம்" என்று பெருமை அடித்தேன். சட்டம் எல்லோருக்கும் ஒன்றா என்று உன்னிடம் சட்டம் பேசினவள் நான். ஊருக்கு உபதேசம்! அன்று அந்த அக்கா கஞ்சிக் கிண்ணத்தை நீட்டியபோது அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

என்ன செய்யட்டும் என்று என்னைக் கேட்காதே. நான் சொல்லமாட்டேன். நான் சொல்லிச் செய்தால் அதுவும் ஏறச் சொன்னால் ஏறுவான், போகச் சொன்னால் போவான் கதைதான். 22-ஆம் தேதி காலை பத்தரைக்குக் கோர்ட்டு. ஒப்புக்கொள்ளக் கூடாது என்று மாமாவிடம் பிள்ளையின் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் அவர் 'எனக்குப் பச்சை' என்று சொல்வார். வடிவும் வருகிறேன் என்கிறாள். அடுப்பை எறிந்தால் எறியட்டும் என்கிறாள். அவளுக்கு நாம் யார்?

ஞானஸ்நானத்தில் சாமியார் ஞானத்தகப்பனைப் பார்த்து, பசாசையும் அதன் செயல்களையும் விட்டுவிடுகிறாயா என்று கேட்பார். விட்டுவிடுகிறேன் என்று என் மகளுக்காக நீ சொல்லவேண்டும். அப்படிச் சொல்ல வாய் வருமா என்று யோசித்து வை.

ஞானகுமாரி


கள்ளிக்குப்பம்
31-1-1991

தம்பிக்கு,

கோர்ட்டில் உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. யூனிபார்ம் இல்லாமல் வெள்ளைச் சட்டையில், கோயிலில் முதன்முதலாகப் புது நன்மை அப்பம் வாங்கப் போகிற பையன் போல நின்றிருந்தாய். "ஓட்டினது நான். எனக்குச் சிவப்பு. அவசர அழைப்பு எதுவும் இல்லை" என்றாய். ஒரே மூச்சில் சொல்லிவிட்டாய். இன்ஸ்பெக்டர் பக்கம் நீ திரும்பவில்லை, நான் பார்த்தேன். அந்த ஆள் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மாமா கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு உன்னிடம் வருவதற்குள் நீ பஸ் ஏறிப் போய்விட்டாய். ஓடிப்போவதை மட்டும் இன்னும் விடவில்லை.

மாமா மேல் இருந்த கேஸை நேற்றுத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். கால் சரியாகும் வரை ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கிற வேலை தருவதாகக் கம்பெனியில் சொல்லியிருக்கிறார்கள். உன்னை சஸ்பெண்டு செய்ததையும், உன் மேல் கேஸ் போடப்போவதையும் அய்யாசாமி வந்து சொன்னார். இந்தத் தடவை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து காபி குடித்தார். கஜபதிக்கு விசாரணை இருக்கிறதாம். மூன்று பெண்கள் என்று எழுதினாயே, அது எனக்கும் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது. போய்ப் பார்த்தேன். "சாவி என்னுது, கேள்வியும் என்னத்தான் கேக்கணும்மா" என்றார். நீயும் போய்ப் பார்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன். அப்படி எழுத வரவில்லை. இரவில் மாமா வலியில் முனகும்போதெல்லாம் உன் மேல் கோபம் வருகிறது. பகலில் நீ என்ன சாப்பிட்டாயோ என்று இருக்கிறது. இரண்டும் நிஜம்.

நேற்று வடிவுக்கு நன்றி சொல்லச் சந்திப்புக்குப் போனேன். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு போலீஸ் ஜீப் சிவப்பில் நிற்காமல் பறந்தது. சைரன் இல்லை, விளக்கும் சுழலவில்லை. வடிவு கரண்டியை நீட்டிக் காட்டி, "இன்னா கண்ணு, இது யாரு தம்பி?" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

சாம்பல் புதன் வந்து தவக்காலம் தொடங்குவதற்கு முன்பு ஞானஸ்நானத்தை முடித்துவிடச் சொல்கிறார் சாமியார். பிப்ரவரி 10 ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்ததும். ஞானத்தகப்பன் பெயர் எழுதுகிற இடத்தில் உன் பெயரைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஜெபமாலை என்னிடம் இருக்கிறது, அன்று பிள்ளையின் கையில் சுற்றப்போகிறேன். பிறகு அதை நீ வாங்கிக்கொள்வாயா, அவளிடமே விட்டுவிடுவாயா, உன் இஷ்டம்.

மீன், பனங்கற்கண்டு என்று எதுவும் தூக்கிக்கொண்டு வராதே. கஜபதி வீட்டில் அவருடைய பழைய சைக்கிள் இருக்கிறதாம், அங்கிருந்து கோயிலுக்கு அதை எடுத்துக்கொள். ஐஸ் கம்பெனி சந்திப்பில் சிவப்பு விழுந்தால், ரோட்டில் ஒரு ஈ காக்கா இல்லாவிட்டாலும், காலை ஊன்றி நில். நேரமாகட்டும் தம்பி, சாமியாரை நான் காத்திருக்கச் சொல்கிறேன்.

உன் அக்கா,
ஞானம்